பள்ளக்காட்டுக் குப்பைமேடும் இறந்த யானைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜனவரியில், கிழக்கிலங்கையில் அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை அண்டிய பகுதியில் ஒரே வார இறுதியில் 2 காட்டுயானைகள் இறந்து கிடந்தன. அவற்றையும் சேர்த்து, அதற்கு முந்திய 8 ஆண்டுகளில் அந்த ஒரு குப்பைமேட்டின் பிளாஸ்டிக்கைத் தின்று மாண்ட யானைகளின் தொகை ஏறத்தாழ 20 ஆகியது. உடல்களை அறுத்துப் பரிசோதித்த வனஜீவராசிகள் மிருக வைத்தியர் செய்தியாளர்களிடம் சொன்னதன் சாரம் இது: பொலித்தீன், உணவு சுற்றிய உறைகள், பிளாஸ்டிக், செரிக்காத வேறு பொருள்கள், தண்ணீர் ஆகியவை மட்டுமே வயிற்றினுள் இருந்தன, யானை வழமையாக உண்டு செரிக்கும் உணவு எதுவும் தென்படவில்லை.

அந்தக் கூற்றின் பின்பாதியை வாசகர் கவனிக்க வேண்டும். குப்பைமேட்டில் மேயும் யானையின் வயிற்றில் பொலித்தீன் இருப்பதில் வியப்பில்லை. புல்லும் பட்டையும் இலையும் இல்லாமற் போனதே நோயின் அடையாளம். வளர்ந்த ஆசிய யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தாவர உணவு உண்கிறது. தன் விழிப்பு நேரத்தின் பெரும்பகுதியை மேய்வதிலேயே கழிக்கிறது. அப்படிப்பட்ட விலங்கின் குடலில் ஒரு பிடி புல்கூட இல்லையென்றால், அது பல நாட்களாக மேயவில்லை, அல்லது மேய இயலாத நிலையில் இருந்தது என்றே கொள்ள வேண்டும். வயிறு நிறைந்திருந்தது, உடல் பட்டினி கிடந்தது. நச்சுண்டு உடனே விழுந்த விலங்கின் வயிறு இப்படி இருக்காது.

அந்தப் பொருள்கள் யானையின் வயிற்றுக்குள் எவ்வாறு சென்றன என்பதைப் பின்னோக்கித் தேடினால் தடம் காட்டில் தொடங்கவில்லை. அது கரையோர ஊர்களின் சமையலறைகளில் தொடங்குகிறது. ஆகவே இடத்தை முதலில் பார்ப்போம்.

கடலுக்கும் காட்டுக்கும் நடுவே

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோரம், இலங்கையில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் நிலப்பகுதிகளில் ஒன்று. கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் ஊரோடு ஊர் ஒட்டிக் கிடப்பதால், பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்கியது தெரியும். வளவுகள் சிறியவை. கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும் மண்ணில் வீட்டுக் குப்பையைப் புதைக்கவும் வழியில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கரையில் நிலத்தின் அருமை இன்னும் கூடிற்று. சம்மாந்துறை, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு என்று எந்த ஊரை எடுத்தாலும் உள்ளூராட்சி சபைக்கு முன் நின்ற கேள்வி ஒன்றுதான்: குப்பையை எங்கே கொட்டுவது? மேற்குத் திசை மட்டுமே விடையாக இருந்தது. அங்கே மனிதர் குறைவு. மனிதர் குறைந்த இடத்தில் யானை இருக்கும் என்பது யாருக்கும் தெரியாத செய்தியன்று.

பள்ளக்காடு என்ற பெயரிலேயே பள்ளமும் காடும் இருக்கின்றன. பட்டிப்பளை ஆறு என்று தமிழர் வழங்கும் கல் ஓயா பாயும் இந்தச் சமவெளி, 1949இல் தொடங்கிய கல் ஓயாத் திட்டத்துக்குமுன் பெருங்காடாகக் கிடந்தது. சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, குடியேற்றங்கள் எழுந்து, காடு வயலாகிய பின் யானைகளுக்கு எஞ்சியவை 1954இல் அறிவிக்கப்பட்ட கல் ஓயாத் தேசியப் பூங்காவும், வயல்களுக்கும் குளங்களுக்கும் இடையே துண்டு துண்டாகக் கிடக்கும் பற்றைக் காடுகளுமே. பூங்கா எல்லை வரைபடத்தில் கோடாக இருக்கிறது. யானை வரைபடம் பார்ப்பதில்லை. அறுவடை முடிந்த வயலில் தாளை மேய்ந்து, கோடையில் குளக்கரையில் புல் மேய்ந்து, மாரியில் காட்டுக்குத் திரும்பும் சுற்றில், குப்பைமேடு அமைந்த நிலமும் அதன் நடமாட்டப் பரப்புக்குள்ளேயே வருகிறது.

இந்த இடத்தில் 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஒரு கழிவு முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. அயலிலுள்ள 9 ஊர்களின் குப்பை அங்கு வரவும், வந்தது தரம் பிரிக்கப்பட்டு மீள்சுழற்சிக்குச் செல்லவும் வேண்டும் என்பது ஏற்பாடு. குப்பை வந்தது, மீள்சுழற்சி நடக்கவில்லை. நிலையத்தைச் சுற்றியிருந்த மின்வேலியை 2014இல் மின்னல் தாக்கியது. அந்த வேலி அதன்பின் திருத்தப்படவே இல்லை. யானைகள் உள்ளே வரத் தொடங்கின; நாளடைவில் மேட்டை அண்டியே தங்கிவிட்டன என்று அயலூரார் கூறினர்.

2014ஐயும் 2022ஐயும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தால் இறப்புக் கணக்கின் 8 ஆண்டுகளும் வேலி விழுந்த ஆண்டிலிருந்தே தொடங்குவது விளங்கும். ஒரு மின்னலும் அதன்பின் வராத ஒரு திருத்த வேலையும் இத்தனை யானைகளுக்கு எமனாயின என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொன்னால் உண்மையின் ஒரு பாதியைத்தான் சொன்னதாகும். வேலி குப்பையை மாற்றவில்லை, யானையின் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் அதைச் சற்றுக் காலம் விலக்கி வைத்தது, அவ்வளவே.

25 முதல் 30 வரையான யானைகள் இங்கே கூட்டமாக மேய்ந்த காட்சியை இலங்கைத் தமிழ்ப் புகைப்படக்காரர் ஒருவர் பதிவு செய்தார். அந்தப் படங்களுக்குப் பிரித்தானியாவின் ரோயல் சொசைட்டி ஒஃப் பயோலஜி நடத்திய 2020 ஆம் ஆண்டுப் போட்டியில் முதற்பரிசு கிடைத்தது. உலகம் முழுவதும் படம் சுற்றியது. மேட்டுக்குச் செல்லும் வண்டிகளும் வழமைபோல் சென்றுகொண்டிருந்தன.

சோற்றுப் பொதியின் முடிச்சு

காட்டுயானை ஏன் பொலித்தீனைத் தின்கிறது என்ற கேள்விக்குப் பசி என்று விடை சொல்வது எளிது. பசி மட்டுமென்றால் அயலிலுள்ள புல்லும் கொப்பும் போதும். மேட்டில் கிடைப்பது வேறொன்று: உப்பு, எண்ணெய், மாச்சத்து ஆகியவை ஓரிடத்தில், ஒரே வாயில், தேடியலையாமல் கிடைக்கின்றன. காட்டில் உப்புக்காக மண்ணைத் தோண்டித் தின்னும் விலங்குக்குக் கருவாட்டுக் குழம்பு ஊறிய சோறு எப்படி மணக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆப்பிரிக்க யானையிடம் மோப்பத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 2,000 இருப்பதாகவும் அது நாயிடம் உள்ளதைப்போல் இரு மடங்கு என்றும் 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆசிய யானையின் மூக்கும் சளைத்ததன்று.

நம் ஊர்க் கடையில் கட்டித்தரும் சோற்றுப் பொதியை ஒருமுறை கூர்ந்து பார்க்கலாம். முதலில் லஞ்ச் ஷீட் என்ற மெல்லிய பொலித்தீன் தாள் விரிக்கப்படுகிறது. அதன்மேல் சோறு, பருப்பு, மீன்குழம்பு, சம்பல், ஒரு சுண்டல். நான்கு பக்கமும் மடித்துப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, றப்பர் வளையம் போட்டு, சொப்பிங் பைக்குள் இட்டுத் தருகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் மிஞ்சிய சோறும் மீன்முள்ளும் அதே தாளுக்குள் மடிக்கப்படுகின்றன. அந்த மடிப்பு மீண்டும் அதே பைக்குள் செல்கிறது. பையின் இரு காதுகளும் இழுத்து முடியப்படுகின்றன. தெருநாய் பிரிக்கக் கூடாது, காகம் கிளறக் கூடாது, எறும்பு மொய்க்கக் கூடாது என்று கவனமுள்ள வீடுகள் இரட்டை முடிச்சுப் போடும். வீட்டுக் குப்பைக்கும் இதே கதைதான். இரவில் மிஞ்சிய கறி, மரக்கறித் தோல், பால்மா உறை, பிஸ்கட் உறை எல்லாம் ஒரே பையில் இறுக முடியப்பட்டுக் காலையில் வாசலில் நிற்கும். சபையின் உழவு இயந்திரம் வந்து ஏற்றிச் செல்லும்.

முடிச்சு அவிழாமலே பை மேட்டைச் சேர்கிறது. தெருநாய்க்கு எதிராகப் போட்ட முடிச்சை யானை எப்படி அவிழ்க்கும்? ஆப்பிரிக்க யானையின் தும்பிக்கை நுனியில் இரண்டு விரல்கள் உள்ளன. சிறு பொருளைக் கிள்ளி எடுக்க அவை உதவும். ஆசிய யானைக்கு ஒரே விரல்தான். அது பொருளைத் தும்பிக்கையால் சுற்றி அள்ளி வாய்க்குள் திணிக்கும் பழக்கமுடையது. பை அப்படியே உள்ளே போவதற்கு இந்த உடலமைப்பும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

யானை உணவில் கவனமில்லாத விலங்கு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. புல்லை வேரோடு பிடுங்கினால் அதை முன்னங்காலில் தட்டித் தட்டி மண்ணை உதிர்த்த பின்பே வாயிலிடும். குளக்கரையில் யானை மேய்வதை அருகிருந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தட்டும் ஓசையும் பழக்கமானது. மண்ணைக்கூட விலக்கும் விலங்கு பொலித்தீனை விலக்காததன் காரணம் எளியது. மண் மண்ணாகவே மணக்கிறது. குழம்பு ஊறிய பொலித்தீன் குழம்பாகவே மணக்கிறது. எண்ணெயும் மஞ்சளும் பொலித்தீனில் எப்படிப் பற்றிக்கொள்கின்றன என்பதைக் கறி வைத்த பிளாஸ்டிக் பெட்டியைக் கழுவிப் பார்த்த எவரும் அறிவர். யானையின் மூக்குக்கு உறையும் உணவும் ஒரே பண்டம்.

குடலுக்குள்

பிளாஸ்டிக் விலங்கைக் கொல்லும் வழி எல்லா விலங்குக்கும் ஒன்றல்ல. அதைப் புரிந்துகொள்ள யானையையும் மானையும் அருகருகே வைத்துப் பார்ப்பது உதவும்.

மான், மாடு, ஒட்டகம் ஆகியவை அசைபோடும் விலங்குகள். விழுங்கிய உணவு முதலில் பெரிய முன்வயிற்றில் தங்கி, நுண்ணுயிர்களால் நொதித்து, மீண்டும் வாய்க்கு வந்து அரைபட்டு, போதிய அளவு நுணுகிய பின்பே அடுத்த அறைக்குச் செல்லும். அந்த வாசல் குறுகியது. அரைபடாத பொலித்தீனால் அதைக் கடக்க முடியாது. ஆகவே முன்வயிற்றிலேயே தங்கி, அடுத்த நாள் வரும் பையோடு பின்னி, ஆண்டுக்கணக்கில் கல்போன்ற உருண்டையாகிறது. துபாயிலுள்ள மத்திய கால்நடை ஆய்வுகூடம் 2008 முதல் பரிசோதித்த 30,000க்கும் மேற்பட்ட ஒட்டகங்களில் 300இன் வயிற்றில் இவ்வகை உருண்டைகள் காணப்பட்டன. அவற்றுள் மிகப் பெரியது ஏறத்தாழ 64 கிலோ எடை. ஜப்பானின் நாரா நகரில் 2019 மார்ச் முதல் ஜூலை வரை இறந்த 14 மான்களில் 9இன் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது, ஒன்றினுள் 4.3 கிலோ. அதே ஆண்டு நவம்பரில் தாய்லாந்தின் நான் மாகாணத்துத் தேசியப் பூங்கா ஒன்றில் இறந்து கிடந்த காட்டுமானின் வயிற்றிலிருந்து உடனடி நூடில்ஸ் உறை முதல் உள்ளாடை வரை 7 கிலோ கழிவு எடுக்கப்பட்டது. நமக்கு அருகில் திருகோணமலையில், கோட்டைப் பகுதியிலும் நகரத் தெருக்களிலும் குப்பைத் தொட்டியை மேயும் புள்ளிமான்களைக் காணாதவர் குறைவு.

யானை அசைபோடுவதில்லை. அதன் இரைப்பை எளிய பை. நொதித்தல் நடப்பது பின்குடலில். தின்றதில் பாதியைக்கூடச் செரிக்காமல் வெளியேற்றிவிட்டு, அந்தக் குறையை அளவால் ஈடுசெய்யும் உடல் அது. இதில் யானைக்கு ஓர் அனுகூலமும் உண்டு: குறுகிய வாசல் இல்லாததால் சிறு துண்டுகள் சாணத்தோடு வெளியேறும். இந்தியாவின் உத்தராகண்டில் யானைச் சாணத்தை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில் மனிதக் கழிவு இருந்ததையும், கோட்துவார் பகுதி மாதிரிகளில் அக்கழிவின் 85 விழுக்காடு பிளாஸ்டிக்காக இருந்ததையும் காட்டிற்று. 1 மில்லிமீற்றர் துகளிலிருந்து 35 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட துண்டுவரை அதில் இருந்தன. ஆகவே பொலித்தீன் தின்ற யானை எல்லாம் இறந்துவிடுவதில்லை. சாணத்தோடு வெளியேறிய பிளாஸ்டிக் குப்பைமேட்டிலிருந்து பல கிலோமீற்றர் தூரம் காட்டுக்குள் விதைபோல் பரவுகிறது என்பது வேறு துன்பம். யானைச் சாணத்தைக் கிளறி விதை தேடும் பறவைகளும் பூச்சிகளும் அதன் அடுத்த வாடிக்கையாளர்.

பிரச்சினை அளவில் இருக்கிறது. நாள்தோறும் வந்து முடிச்சு முடிச்சாக விழுங்கும்போது, பொலித்தீன் தாள்கள் ஒன்றோடொன்று பின்னிக் குடல் வளைவுகளில் அடைபடுகின்றன. கடைவாய்ப் பல் புல்லை அரைக்கும். பொலித்தீனை அரைக்காது, மடிக்கும். அடைப்பின் பின்னால் கழிவும் வாயுவும் தேங்குகின்றன. வயிறு நிறைந்த உணர்வில் யானை மேய்வதைக் குறைக்கிறது. ஊட்டமின்றி மெலிந்த யானை ஒரு கட்டத்தில் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் படுத்துவிடும். பள்ளக்காட்டு உடல்களைப் பரிசோதித்தவர்கள் விளக்கியதும் இதையே: நிமிர்ந்து நிற்க முடியாத யானையால் உண்ணவோ நீரருந்தவோ இயலாது, அதன்பின் இறப்பு விரைவில் வரும். ஒரு பக்கமாய் வீழ்ந்த யானையின் உடல் எடையே அதன் நுரையீரலை அழுத்தும் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். விழுந்த யானையைக் கிரேன் வைத்துத் தூக்க மருத்துவர்கள் பாடுபடுவது இதனால்தான்.

அவ்வாறு தூக்கப்பட்ட ஒரு யானையைத் தமிழ்நாட்டு வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 மே மாதத்தில் கோயம்புத்தூர் மருதமலை அடிவாரத்தில் குட்டியோடு வந்த பெண்யானை ஒன்று நோயுற்று விழுந்தது. கிரேனில் பட்டை கட்டி நிறுத்தினார்கள். பெருங்குழி வெட்டி நீர் நிரப்பி அதில் இறக்கியும் சிகிச்சை நடந்தது. சில நாள் போராட்டத்துக்குப் பின் மே 20 அன்று அது இறந்தது. உடற்கூற்று ஆய்வில் அது கருவுற்றிருந்ததும், கருவும் இறந்துவிட்டதும், குடலில் பிளாஸ்டிக் கழிவு இருந்ததும் தெரியவந்தன. அங்கும் மலையடிவாரத்தில் ஒரு குப்பைமேடு இருந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1ஆம் திகதி என்பதையும் இவ்விடத்தில் பதிவு செய்ய வேண்டும்.

எண்ணிக்கையை எப்படி எடைபோடுவது

2011இல் நடந்த கணக்கெடுப்பு இலங்கையில் 5,879 யானைகள் இருப்பதாகக் காட்டியது. 19ஆம் நூற்றாண்டில் அவை ஏறத்தாழ 14,000 இருந்தன என்பது மதிப்பீடு. 2019 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 120க்கும் மேற்பட்ட மனிதரும் யானை மனித மோதலில் மாண்டனர். துப்பாக்கிச் சூடும், சட்டவிரோத மின்கம்பியும், பூசணிக்காய்க்குள் மறைத்து வைக்கும் ஹக்கபட்டஸ் வெடியுமே பெருங்கொலையாளிகள். அந்தக் கணக்கின் முன் 8 ஆண்டில் 20 என்பது சிறு தொகை. அப்படியிருக்க ஒரு குப்பைமேட்டுக்கு இத்தனை பக்கம் ஏன் என்று கேட்பவருக்கு இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, மேட்டருகே விழுந்த உடல்தான் இக்கணக்கில் சேரும். மேட்டில் தின்றுவிட்டுக் காட்டுக்குள் சென்று விழுந்தது சேராது. இரண்டாவதை நான் பெரிதாக எண்ணுகிறேன்: குப்பைமேடு யானையை ஊருக்குப் பழக்குகிறது. மனித உணவின் சுவையறிந்த யானை, மேட்டில் குப்பை குறைந்த நாளில் அதே மணத்தைத் தேடி வீட்டுச் சமையலறைச் சுவரையும் நெல் மூட்டை அடுக்கிய அறையையும் இடிக்கும். பள்ளக்காட்டு அயலில் மக்கள் வெடி கொளுத்தி விரட்டினர்; சிலர் வீட்டைச் சுற்றித் தாமே மின்வேலி போட்டனர். பாதுகாப்பாக வேலி போடத் தெரியாதவர்கள் போட்ட வேலி யானைக்கும் ஆபத்து, அந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஆபத்து. இதைச் சுட்டிக்காட்டிய அவ்வூர் சபை உறுப்பினர் ஒருவர், யானையைத் தொல்லை என்று அழைத்தாலும் அது ஒரு வளமும்தான், இரு தரப்பையும் காத்து விவசாயமும் நடக்க அதிகாரிகள் வழி காணவேண்டும் என்று சொன்னார். யானையோடு நேரில் மோதுகிறவரின் வாயிலிருந்து வந்த நிதானமான பேச்சு அது. ஆகவே மோதலில் இறந்ததாகக் கணக்கில் சேரும் யானைகளிலும் சிலவற்றின் கதை ஏதோவொரு குப்பைமேட்டில் தொடங்கியிருக்கும்.

வேலி, அகழி, வர்த்தமானி

நாட்டில் வனஜீவராசிகள் நடமாடும் வலயங்களில் 54 குப்பைமேடுகள் இருப்பதாகவும் அவற்றை அண்டி ஏறத்தாழ 300 யானைகள் திரிவதாகவும் அரசாங்கமே கூறியது. இவற்றிலுள்ள பிளாஸ்டிக்கை மீள்சுழற்சி செய்வதாகவும், மேடுகளைச் சுற்றி மின்வேலி இடுவதாகவும் 2017இல் அறிவிப்பு வந்தது. இரண்டும் முழுமையாக நடக்கவில்லை. 2022 இறப்புகளுக்குப் பின் பள்ளக்காட்டில் யானை நுழையாதபடி அகழி வெட்டும் பணி தொடங்கியது.

அகழி தவறன்று. கிழக்கின் வடகீழ்ப் பருவமழையில் அகழியின் மண்கரை சரிந்து மேடாவதும், அந்தச் சரிவில் யானை இறங்கி ஏறுவதும் எதிர்பார்க்க வேண்டியவை. ஆண்டுதோறும் வெட்டித் துப்புரவாக்கும் பணமும் ஆளும் இல்லாமல் அகழி நிலைக்காது. மின்னல் விழுந்த வேலியைத் திருத்தாத ஏற்பாடு அகழியைப் பேணுமா என்ற ஐயம் எனக்குண்டு. அதைவிட முதன்மையானது, அகழியும் வேலியும் யானையை அத்துமீறி நுழைபவராகக் கருதுகின்றன. இங்கே யார் யாருடைய வழியில் கொட்டினார் என்பதை மேலே பார்த்தோம்.

சட்டத்துக்கும் குறைவில்லை. 2017 ஏப்ரலில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 32 பேர் மாண்ட பின்னரே நாடு விழித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் லஞ்ச் ஷீட்டுக்கும் மெல்லிய பொலித்தீன் பைக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்தது. 2023 ஒக்டோபரில் உறிஞ்சு குழல், கரண்டி, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை முதலியவற்றுக்குத் தடை நீண்டது. 2025 நவம்பர் முதல் கைபிடியுள்ள பைகளுக்குக் கடைகள் பணம் அறவிட வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2017இல் தடைசெய்யப்பட்ட தாளில் கட்டிய சோற்றை அதன்பின் எத்தனை முறை வாங்கினோம் என்பதை வாசகர் தாமே எண்ணிக்கொள்ளலாம். மக்கும் தாள் என்ற முத்திரையோடு வருவனவும் குப்பைமேட்டின் நாட்கணக்கில் மக்கிவிடுவன அல்ல. இன்று கொட்டியதை யானை இன்றிரவே தின்கிறது, மக்குவதற்கு அது அவகாசம் தருவதில்லை.

வாசலிலேயே மறிப்பது எப்படி என்பதற்கு நாட்டுக்குள்ளேயே ஒரு முன்மாதிரி உண்டு. ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் நுழைவாயிலில் பயணிகளின் பைகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளை ஊழியர்கள் அகற்றுகிறார்கள். பிஸ்கட் பொதியைப் பிரித்துக் கடதாசிப் பையில் இட்டுக் கொடுப்பதும், தண்ணீர்ப் போத்தலின் மெல்லிய உறையை உரித்தெடுப்பதும் அங்கு வழமை. மரைகள் மேயும் புல்வெளி அது. அந்தச் சிறு உரிப்பு எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும் உணவும் உறையும் பிரியவேண்டிய இடம் மனிதக் கை என்பதை அது சரியாகப் பிடித்திருக்கிறது.

செய்ய வேண்டிய ஒழுங்கு

பள்ளக்காட்டுக்கு வரும் குப்பையின் முடிச்சு வீட்டில் அவிழ வேண்டும். கறியும் சோறும் மரக்கறிக் கழிவும் ஒரு வாளியில், உறைகள் வேறொரு சாக்கில் என்று பிரிந்து வந்தால், முதலாவதை ஊர்ப் பக்கத்திலேயே பசளையாக்கலாம்; நெல்லும் தென்னையும் விளையும் மாவட்டத்தில் பசளைக்குத் தேவை இல்லாமற் போகாது. உணவு மணம் நின்றுவிட்ட உறைக் குவியல் யானையை இழுக்காது. இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். உழவு இயந்திரத்தின் பெட்டியை இரண்டாகப் பிரிக்கும் ஒரு தடுப்பும், பிரிக்காத பையை வாசலிலேயே விட்டுச் செல்லும் மனத்திடமும் வேண்டும். இரண்டாவது கடினம். பையை விட்டுச்சென்றால் மறுநாள் அது வாய்க்காலில் கிடக்கும், சபைக்கு முறைப்பாடு வரும், அடுத்த தேர்தல் நினைவுக்கு வரும். கழிவு முகாமைத்துவத்தின் உண்மையான தடை அங்கேதான் இருக்கிறது.

நாளையே எல்லா வீடும் பிரித்துப் போட்டாலும் மேடு மேடாகவே இருக்கும். 2008 முதல் அடுக்கடுக்காய்ச் சேர்ந்த பைகள் அதற்குள் கிடக்கின்றன. அவற்றினுள் முடிந்த சோறு புளித்த மணத்தோடு இன்னும் இருக்கிறது, யானை காலால் உதைத்துத் தும்பிக்கையால் இழுத்து அவற்றைத் தோண்டியெடுக்கும். ஆகவே புதிய குப்பையைப் பிரிப்பதோடு பழைய மேட்டைக் களிமண்ணும் மண்ணும் இட்டு மூடி இறுக்க வேண்டும். அந்த மூடல் ஒக்டோபருக்கு முன் முடிந்து, மேற்பரப்பில் புல் பிடித்திருக்க வேண்டும். இல்லையேல் முதல் மாரி மழையிலேயே மண் கழுவிப் போய்ப் பைகளின் காதுகள் மீண்டும் வெளியே தெரியும்.